மேப்பிளுக்குக் கட்டிய பாத்தி

தோட்டவேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. என் போன் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஏப்ரல் பாதி தாண்டினால் தொடங்கிவிடும். இங்கே ஒஸ்லோவில், குரோருட்டில் வீடு வாங்கியவர், ஹவுகெட்டோவில் தோட்டத்தோடு கீழ்வீடு எடுத்தவர் என்று எல்லோருக்கும் இப்போது ஒரு ஜப்பான் மேப்பிள் வேண்டும். சின்னக் கை விரித்தது போன்ற இலை, இலையுதிர்காலத்தில் சிவந்து நிற்கும் அழகு. ஆசை வராமல் இருக்காது. ஆனால் இடத்தைப் பார்த்துவிட்டு மரத்தை வாங்கிய தமிழர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மரத்தை வாங்கி, காரில் மடக்கி ஏற்றி, வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுப்பார்கள். வாசலிலேயே வைக்கலாம்தானே என்பார்கள்.

பனி கரையும்போது உங்கள் வீட்டு வளவில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மனிசன் நழுவப் பார்க்கிறார் என்று நினைப்பார்கள் போல. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘மேப்பிள் வளர்க்க நாலு குறிப்பு’ எழுதித் தரும்படி கேட்டபோது, குறிப்பு எழுத எனக்கு வராது, அதை நான் எப்படிப் படித்தேன் என்று வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். படித்த விதம் பெருமைப்படக்கூடியதல்ல என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நோர்வேக்கு வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வடக்கே மீன் தொழிற்சாலையில் நாலு வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவில் அலுவலகங்கள் துப்புரவாக்கினேன். அதன்பிறகுதான் ஹவுகெட்டோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தோட்டவேலை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஏழு பேர், இரண்டு வான், ஒரு ஆஸ்ட்ரி.

ஆஸ்ட்ரி எங்கள் மேற்பார்வையாளர். என்னைவிட மூன்று வயது இளையவர். கோடையிலும் கம்பளித் தொப்பி போடுவார். முதல் வாரம் நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டபோதெல்லாம் அவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு ஆஸ்ட்ரி என்று கூப்பிடப் பழகினேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை விட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பார். அப்படி நிற்பதற்குப் பதில் என் ஊர்ப் பள்ளிக்கூடச் சட்டம்பியார் போல நாலு அடி போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அவரிடம் நான் கண்ட முதல் விசித்திரம், குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவது. ஒரு மரம் வைக்க வேண்டும் என்றால் மரத்தை வானைவிட்டு இறக்கவே விடமாட்டார். முதலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தோண்டும்போதே மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து முகர்வார். நல்ல மண்ணுக்குக் காட்டு வாசம் இருக்கும். காற்றுப் போகாத மண் கெட்ட முட்டை மாதிரி நாறும். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றுவார். அது வடிந்தபிறகு இரண்டாம் முறையும் ஊற்றுவார். முதல் தண்ணீர் நிலத்தின் தாகத்துக்கு, இரண்டாவது தண்ணீர்தான் உண்மை சொல்லும் என்பார். ஒரு தடியைக் குத்தித் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து கோப்பி குடிப்பார். கோப்பி முடியும்போது மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் நடலாம். அப்படியே நின்றால் வேறு இடம், அல்லது மேடு கட்டி அதன்மேல் நடவேண்டும். களிமண்ணுக்குள் குழி வெட்டி நல்ல மண்ணைப் போட்டு நிரப்பினால், குளியல் தொட்டிக்குள் மரத்தை நிற்க வைத்த மாதிரி. நாலு பக்கத்துத் தண்ணீரும் அதற்குள்தான் வரும், போக வழி இருக்காது.

இடம் பார்ப்பதும் அப்படித்தான். வாடிக்கையாளர் எங்கே காட்டுகிறாரோ அதை ஒரு தரம் மரியாதைக்குப் பார்ப்பார். பிறகு வளவு முழுக்க நடப்பார். பனி முதலில் கரையும் இடமும் வேண்டாம், கடைசியில் கரையும் இடமும் வேண்டாம். முதலில் கரையும் இடம் பெரும்பாலும் தெற்குப் பார்த்த சுவர். மார்ச் வெயில் சுவரில் பட்டு மரத்தை நேரத்துக்கு முன்னமே எழுப்பிவிடும். எழும்பின மரத்தை ஏப்ரல் உறைபனி கொன்றுவிடும். கடைசியில் கரையும் இடம் குளிர் வந்து குந்தியிருக்கும் பள்ளம். கூரைப் பனி வழுக்கி விழும் இடம் கூடாது, கிளை முறியும். பாதைக்கு உப்புப் போடும் இடத்துக்குப் பக்கமும் கூடாது. காலை வெயில், மதிய நிழல், காற்றுக்கு ஒரு மறைவு, கொஞ்சம் புளிப்பான இலைமக்கு மண். இவ்வளவும் சரிவந்தால் ஜப்பான் மேப்பிள் ஒஸ்லோவில் சந்தோஷமாக இருக்கும். இதையெல்லாம் நான் அவருக்குப் பின்னால் எட்டு வருடம் நடந்து மனப்பாடம் செய்தேன். செய்தும் என்ன.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு வசந்தம். ஆஸ்ட்ரி முதுகு சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். முதல் தடவையாக ஒரு வேலையை நான் தனியாகப் பொறுப்பெடுத்தேன். ஹொல்ம்லியாவில் ஒரு குடியிருப்புக் கூட்டுறவு. முன்வாசலில் மூன்று ஜப்பான் மேப்பிள் வேண்டும், அதுவும் மே பதினேழாம் தேதி தேசிய தினத்துக்கு முன்னம் வேண்டும் என்றார் நிர்வாகக் குழுத் தலைவர் ஸ்டைனார். காட்டிய இடம் தெற்குச் சுவரோரம். எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மேல்மண் கறுப்பாக, பொலபொலவென்று பார்க்கவே ஆசையாக இருந்தது. இவ்வளவு நல்ல மண்ணுக்கு ஏன் தண்ணீர்ச் சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்ட்ரியின் கோப்பி நேரம் முழுவதையும் மிச்சம் பிடித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று எனக்கு நான் பெரிய ஆள் என்ற நினைப்பு.

நட்டு முடித்ததும் என் கை பழைய பழக்கத்தில் இன்னொரு வேலை செய்தது. மண்ணை வாரி, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாக வரம்பு உயர்த்திப் பாத்தி கட்டினேன். யாழ்ப்பாணத்தில் தென்னம்பிள்ளைக்கும் வாழைக்கும் கட்டுகிற அதே பாத்தி. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே ஓடக்கூடாது என்று வளர்ந்த கை அது. எந்த நோர்வேக்காரனும் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான்.

அந்தக் குடியிருப்பின் பராமரிப்பாளர் மட்டக்களப்பைச் சேர்ந்த தவராசா. அப்போது நாற்பதை எட்டாத வயது. ஒரு வருடப் பரீட்சார்த்த நியமனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். தமிழில் கதைக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரிடம் சொன்னேன்: "ஒவ்வொரு பின்னேரமும் பாத்தி நிரம்பத் தண்ணி விடும் தம்பி. தவறவிடாதையும்." அவருக்கும் அது புதிய சங்கதியாகத் தெரியவில்லை. தண்ணீரைக் கண்ட பாத்தி எப்படி இருக்கவேண்டும் என்று அவருடைய ஊருக்கும் தெரியும். தலையை ஆட்டினார்.

அந்தப் பக்கம் நான் திரும்பப் போனது மறு வருடம் மே தொடக்கத்தில், வேலி கத்தரிக்க. மூன்று மேப்பிளில் இரண்டு காய்ந்த விறகு. மூன்றாவதில் ஒரு கிளையில் மட்டும் உயிர் இருந்தது. கீழே குப்பை அறைக்குப் பக்கத்தில் தவராசா தனியாக நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. என்ன விசயம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டபிறகு, கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார்.

நிர்வாகக் குழு எழுதியிருந்தது. போன ஆகஸ்டிலேயே இலைகளின் ஓரம் கருகியதாம். தலைவர் படம் எடுத்து வைத்திருக்கிறாராம். தவராசா தண்ணீர் விடாமல் அசட்டையாக இருந்ததால் மரங்கள் பட்டுப்போயினவாம். வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவருடைய நியமனத்தை நிரந்தரமாக்குவதா, முடிப்பதா என்று தீர்மானிக்கப்படும்.

படம் இருப்பதால் குளிரின்மேல் பழி போடவும் வழியில்லை. இலை ஓரம் கருகினால் பார்க்கிறவன் தண்ணீர் போதவில்லை என்றுதான் சொல்வான். வேர் தண்ணீருக்குள் மூச்சடைத்துக் கிடந்தாலும் இலை அதே மாதிரித்தான் கருகும் என்பது இந்தத் தொழில் செய்கிறவனுக்குத் தெரியும். கடிதத்தை வாசித்து முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒரு நாள் தவறாம ஊத்தின நான் அண்ணன். நீங்க சொன்ன மாதிரித்தான்," என்றார் தவராசா.

அதை நிர்வாகத்திடம் சொன்னீரோ, நான்தான் சொன்னனான் என்று சொன்னீரோ என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா உங்களத் தூக்கிப்போடுவாங்க. மறுகா ரெண்டு பேருக்கும் வேல இல்ல. அதுல என்ன லாபம்?"

அவருடைய மனைவியும் மகளும் மட்டக்களப்பில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலையும் வருமானமும் காட்டவேண்டும். விண்ணப்பம் அந்த ஒரு தாளுக்காகத்தான் நின்றது. இதெல்லாம் தெரிந்துகொண்டே அந்த மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார், என்னைக் காப்பாற்ற. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

எனக்கும் அந்த நேரம் கையில் ஒன்று இருந்தது, இழக்க. ஆஸ்ட்ரி முதுகோடு மாரடித்தது போதும் என்று அடுத்த வருடம் விலகப் போவதாக இருந்தார். அவருடைய இடத்துக்கு என் பெயரை முதலாளியிடம் சொல்லியிருந்தார். அகதியாய் வந்து மீன் வெட்டியவன் மேற்பார்வையாளன் ஆகப்போகிறான் என்று என் மனைவி ஏற்கனவே பாதி ஒஸ்லோவுக்குச் சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரமே ஆஸ்ட்ரிக்குப் போன் எடுத்தேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயா?"

இல்லை என்றேன். போனிலும் அவர் நின்றார். கடைசியில் சொன்னார்: "அப்படியானால் நீயே போய்த் தோண்டு. தோண்டின குழியை மூடாதே. அவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும்."

சனிக்கிழமை அந்தக் குடியிருப்பில் டுக்னாட். வசந்தத்தில் ஒரு நாள் குடியிருப்பாளர் எல்லோரும் கூடி வளவைக் கூட்டித் துப்புரவாக்கி, கடைசியில் சொசேஜ் சுட்டுச் சாப்பிடுகிற நாள். வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தெரிந்தேன். ஒரு அறைக்குள் ஐந்து பேருக்கு முன்னால் சொல்லி முடிக்கிற விசயமில்லை இது. தவராசாவை மாதக்கணக்கில் வாசலில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அத்தனை பேரும் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

மண்வெட்டியோடு போய்ச் செத்த மரத்தைச் சுற்றித் தோண்டத் தொடங்கினேன். ஒரு மண்வெட்டி ஆழம் வரைக்கும்தான் அந்த அழகான கறுப்பு மண். அதற்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் களி, சவர்க்காரக் கட்டி போல. மழை பெய்து ஒரு கிழமை ஆகியும் குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது. நாற்றம் எழும்பியது. இலை கூட்டிக்கொண்டிருந்த ஒரு மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்ட வந்தார். பிறகு இன்னும் நாலைந்து பேர். வேரை இழுத்தேன். கறுத்துப்போயிருந்தது. விரலால் உருவ, தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வந்தது.

ஸ்டைனார் கையில் வாளியோடு வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். என் நோர்வேஜிய மொழி ஒருநாளும் அழகாக இருந்ததில்லை. அன்று அழகு தேவைப்படவில்லை.

"இந்த மரம் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்தது," என்றேன். "உங்கள் பராமரிப்பாளர் நான் சொன்னதைத்தான் ஒரு நாளும் தவறாமல் செய்தார். நான் சொன்னது பிழை. இந்த இடமும் பிழை, இந்த வரம்பும் பிழை. நடுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனையை நான் செய்யவில்லை."

ஸ்டைனார் குழியைப் பார்த்தார், வேரைப் பார்த்தார், பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தவராசாவைப் பார்த்தார். இந்த மனிதர் சொல்லித்தான் செய்தாய் என்று நீ ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டார். தவராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அதற்கு நோர்வேஜிய மொழியில் சொல் இருக்கவில்லை. தமிழில் இருந்ததைத்தான் அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மூக்கைப் பொத்திய மனிசி கையை எடுத்துவிட்டுத் தவராசாவிடம் போய், மன்னித்துக்கொள் என்றார்.

நான் சொன்னதையெல்லாம் நிறுவனத்தின் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவருடைய நியமனத்தை நிரந்தரமாக்கினார்கள்.

என் விசயம் அதற்கு மறுநாள் முடிந்தது. ஆஸ்ட்ரி என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். முதலாளியிடம் சொன்ன என் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்றார். "சோதிக்காமல் நட்டவனிடம் நான் ஆட்களை ஒப்படைக்க முடியாது. நீ அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உன்னை வேலையிலும் வைத்திருக்கமாட்டேன்." அந்த இடம் மாரெக் என்ற போலந்துக்காரருக்குப் போனது. நல்ல வேலைக்காரர். அவருக்குக் கீழே ஆறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். பாதி ஒஸ்லோவுக்கும் என் மனைவி திரும்பப் போன் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது, அது அவளுக்கு என்னைவிடக் கூட வலித்தது. ஆனால் ஆஸ்ட்ரி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அன்றும் என்னால் பிழை என்று சொல்ல முடியவில்லை, இன்றும் முடியாது.

மரங்களை நிறுவனம் மாற்றிக் கொடுக்கவேண்டும் என்று முடிவானது. இடத்தை நான் தெரிவேன் என்றேன், பிடிவாதமாக. ஸ்டைனார் மறுபடியும் வாசலைக் காட்டினார். முடியாது என்றேன். வேண்டுமானால் வாசலில் ரோஜாத் தொட்டி வையுங்கள், மேப்பிள் அங்கே வராது என்றேன். ஒரு வருடத்துக்கு முன்னம் அந்தச் சொல் என் வாயில் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தவராசாவையும் கூட்டிக்கொண்டு வளவு முழுக்க நடந்தேன். பனி எங்கே முதலில் போகிறது, எங்கே கடைசியாகப் போகிறது, உப்பை எதுவரைக்கும் போடுகிறார்கள், கூரைப் பனி எங்கே விழுகிறது என்று கேட்டேன். ஒரு மாரி முழுக்கப் பனி தள்ளியவருக்குத் தெரியாத மூலை இல்லை. சைக்கிள் கொட்டிலுக்குக் கிழக்கே ஒரு சின்னச் சரிவு. மேலே மூன்று உயரமான பைன் மரம். காலை வெயில் வரும், பதினொரு மணிக்குப் பிறகு நிழல் விழும். பின்னால் ஒரு பாறை நின்று காற்றை மறிக்கும். மண்ணில் பைன் ஊசி மக்கிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், காட்டு வாசம். முழங்கால் ஆழம் குழி தோண்டினேன். தவராசா தண்ணீர் ஊற்றினார். இரண்டாம் தண்ணீர் கோப்பி பாதி குடிக்கும் முன்னமே போய்விட்டது. அவர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவி, இவ்வளவுதானா வேலை என்றார். இவ்வளவுதான்.

அகலமாகக் குழி வெட்டி, தண்டு வேராய் விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி, நிலத்தைவிடச் சற்று உயர்த்தி நட்டோம். தொட்டிக்குள் சுற்றி வளர்ந்திருந்த வேர்களைக் கையால் விரித்துவிட்டேன். மேலே மரப்பட்டைத் துருவல், தண்டில் முட்டாமல். வரம்பு கட்டவில்லை. புதிதாக இரண்டு, அதோடு உயிர் தப்பிய அந்த ஒற்றைக் கிளை மரத்தையும் வேரோடு பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். பிழைக்காது என்று மாரெக் சொன்னார். நான் இருக்கும்வரை பார்ப்பேன் என்று சொன்னேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தவராசா அந்த விதியையும் ஒரு நாள் தவறாமல் பிடித்தார்.

அடுத்த வருடம் ஒக்டோபரில் அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னம் தவராசா அவர்களுக்கு வளவைச் சுற்றிக் காட்டினார், நானும் கூடப் போனேன். பைன்களுக்குக் கீழே மூன்று மேப்பிளும் சிவந்து நின்றன. ஒற்றைக் கிளையாக வந்தது கோணலாக, ஆனால் நிறையக் கிளையோடு நின்றது. மனைவி அதற்கு முன்னால் நின்று, இதற்குத்தானா ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்திட்டு வாறன் என்று போனில் சொன்னீர்கள் என்று கணவரைக் கேட்டார்.

"அது வேற மரம் புள்ள. குளிருல பட்டுப் போச்சு," என்றார் தவராசா, என் பக்கம் பார்க்காமல்.

இரண்டு வருடத்துக்குப் பிறகும் இந்த மனிதன் எனக்குக் குடை பிடிக்கிறார். நான் விடவில்லை.

"இல்லைத் தங்கச்சி, குளிர் இல்லை. அந்த மரங்களைக் கொன்றது நான். பழி இவரிலை விழுந்தது. வேலை போகப்பாத்தது. அப்பவும் இவர் என்ர பேரைச் சொல்லேல்லை."

மனைவி கணவரை நிமிர்ந்து பார்த்தார். வேலை போகப்பார்த்த கதை அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"போன வருசம் மே மாசம் ரெண்டு கிழமையா நீங்க போனே எடுக்கல்ல," என்றார் மெதுவாக. "நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்து கிடந்த நான்."

பிறகு மனைவி நெருங்கி வந்து, பாதியில் திறந்து கிடந்த கணவருடைய ஜாக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.